சாம்பல் பட்டையா, மஞ்சள் பட்டையா?

"சாம்பல் பட்டை போட்ட சக்கரத்துக்கும் மஞ்சள் பட்டை போட்ட சக்கரத்துக்கும் என்ன வித்தியாசம்?"

மஃபாபி எழுந்து நின்று இப்படிக் கேட்டதும் கம்ப்யூட்டர் அறையே கொல்லென்று சிரித்தது.

சிரிக்காமல் என்ன செய்யும்? எம்பாலே ஊர்க் கல்லூரியின் கம்ப்யூட்டர் ராக்கெட் விளையாட்டு மன்றத்தில் மூன்று வருடமாகக் குப்பை கொட்டுகிறவன் அவன். விண்கலத்தைத் தள்ளாடாமல் நிமிர்த்திப் பிடிக்கிற சக்கரம் அந்த விளையாட்டில் பாலபாடம்.

கேட்ட நேரத்தையாவது பார்த்தானா! திங்கட்கிழமை கம்பாலாவில் கல்லூரிகளுக்குள் போட்டி. திரையில் விண்கலத்தை நிலாவைச் சுற்றவிட்டு, உள்ளே இருக்கும் மூன்று பேரையும் உயிரோடு திரும்பக் கொண்டுவர வேண்டும். விண்கலத்தைக் கட்டியவள் மன்றத் தலைவி கைன்சா. அதை ஓட்ட அவளோடு ஒரே ஒருவர்தான் போகலாம். மதியம் கரண்ட் போவதற்குள் அந்தப் பெயரை அவள் அனுப்பியாக வேண்டும். வெள்ளைப் பலகையில் இப்போதைக்கு மஃபாபியின் பெயர்தான் இருந்தது.

மஃபாபிக்கு இது கடைசி வருடம். போட்டிக்கென்றே புதுச்சட்டை எடுத்து வைத்திருக்கிறான் என்பது ஊருக்கே தெரியும்.

"மூணு வருஷமா என்னடா விளையாண்டே?" கைன்சாவுக்கு எரிச்சல் தாங்கவில்லை. "சக்கரத்து மேல அம்புக்குறிய வெச்சா விவரமெல்லாம் வருதே, படிக்கத் தெரியாதா?"

"படிச்சேன் தலைவி. மண்டையில நிக்க மாட்டேங்குது. பாக்க ரெண்டும் ஒண்ணாட்டம் இருக்கு, எடையும் ஒண்ணு. எல்லாருக்கும் கேக்கற மாதிரி ஒரு தடவ சொல்லேன்."

"எனக்கு வேற வேலை இல்ல பாரு! வெபோயா, இந்த மகானுக்கு நீயே சொல்லுடா."

வெபோயாவுக்கு மேடை கிடைத்தால் போதும். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு எழுந்தான்.

"கேட்டுக்கோ சாமி. மஞ்சள் சட்டுனு திரும்பும், பாக்க ஜோரா இருக்கும். ஆனா மூணு மடங்கு கரண்ட் குடிக்கும். நிலாவுக்குப் பின்னாடி நிழல்ல போனா சோலாருக்கு வெயில் கிடையாது. பாட்டரி நம்ம ஊர் கரண்டாட்டம் பட்டுனு போயிடும். அப்புறம் விண்கலத்தைத் திருப்பவே முடியாது, உள்ள இருக்கறவங்க அங்கேயே தொங்க வேண்டியதுதான். சாம்பல் மெதுவாத்தான் திரும்பும், ஆனா வீடு கொண்டுவந்து சேத்துடும். புரிஞ்சுதா, இல்ல படம் போட்டுக் காட்டணுமா?"

"நல்லாப் புரிஞ்சுது," என்று உட்கார்ந்தான் மஃபாபி. கேலி செய்தவர்களோடு சேர்ந்து அவனும் சிரித்தான்.

கைன்சா மட்டும் சிரிப்பை நிறுத்தியிருந்தாள். விறுவிறுவென்று வெள்ளைப் பலகைக்குப் போய் மஃபாபியின் பெயரை அழித்துவிட்டு வெபோயாவின் பெயரை எழுதினாள்.

"அடிப்படையே தெரியாதவனைக் கூட்டிட்டுப் போய் நடுவருங்க முன்னாடி என் மானம் போகணுமா?"

மஃபாபி பலகையைப் பார்த்தான். "சரி தலைவி," என்றான். குரல் இறங்கிப்போயிருந்தது.

எல்லோரும் வாசல் கடைக்குச் சப்பாத்தியும் முட்டையும் சுருட்டித் தின்னக் கிளம்பினார்கள்.

"நீ வரலையா தலைவி?"

"நீங்க போங்கடா. எனக்கு ஒரு சின்ன வேலை இருக்கு."

கதவு சாத்தியதும் கைன்சா அவசரமாகத் தன் விண்கலத்தைத் திறந்தாள். அதன் இடுப்பில் பளபளவென்று மஞ்சள் பட்டை.

விவரத்தை அவளும் படித்ததில்லை. வேகமாகத் திரும்புகிறதே என்று மாட்டிவிட்டாள். பூமியைச் சுற்றி ஓட்டிப் பார்த்ததோடு சரி, நிலாவுக்குப் பின்னால் போனதே இல்லை.

'அப்பாடா, தப்பிச்சேன்! அந்த மக்கு மட்டும் கேக்கலைன்னா என் கதை கந்தல்!'

மஞ்சளைக் கழற்றினாள், சாம்பலை மாட்டினாள். யாருக்கும் தெரியப்போவதில்லை.

சேமிக்கப் போனபோதுதான் மன்றத்தின் பொதுப் பட்டியல் கண்ணில் பட்டது. அவள் விண்கலத்தின் கீழே அதே பெயரில் இன்னும் எட்டு. சேமித்தவன் மஃபாபி. தேதி, நேற்று.

திறந்து பார்த்தாள். அவள் கட்டிய அதே விண்கலம். ஏழில் ஒரே குறிப்பு: 'மஞ்சள். பாட்டரி காலி. மூணு பேரும் போச்சு.'

எட்டாவதில்: 'சாம்பல். மூணு பேரும் வீடு வந்தாச்சு.'

கைன்சாவுக்கு முகம் சுட்டது. போன மாதம் இப்படித்தான் ஒருத்தி இவள் தப்பைச் சுட்டிக்காட்டினாள். தனியாக வந்துதான் சொன்னாள். அவளை மன்றத்தை விட்டே துரத்திய புண்ணியவதி இவள். அதை மஃபாபியும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

வெபோயா மென்றுகொண்டே கூட்டத்தோடு திரும்பி வந்தபோது பலகையில் மறுபடியும் மஃபாபியின் பெயர் இருந்தது.

"என்ன தலைவி அநியாயம்! ரெண்டு சக்கரத்துக்கும் வித்தியாசம் தெரியாதவனையா கூட்டிட்டுப் போறே?"

கூட்டத்துக்குப் பின்னால் நின்ற மஃபாபி, சொல்லாதே என்று கைன்சாவைப் பார்த்துத் தலையாட்டினான்.

"வித்தியாசம் தெரியாம விண்கலம் கட்டினது நான்தாண்டா," என்றாள் கைன்சா, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.