பின்சீட்டுக்கு அடியில்

காய்ச்சலில் படுத்திருந்த கணவனுக்குத் தெரியாமல் அவள் காரை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்திருந்தாள்.

"பேட்டரி லைட் எரியுது, அணையுதுன்னு சொன்னா, 'அதுபாட்டுக்குக் கிடக்கட்டும், விடு'ங்கிறார். தினமும் தனியா ஆபீஸ் போய்ட்டு வர்றவர் அண்ணே. நடு ரோட்டுல நின்னுட்டா?"

"ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்துட்டேன். சார்ஜ் நல்லாத்தான் ஏறுது," என்ற மெக்கானிக், எஞ்சினை ஓடவிட்டு, மீட்டரோடு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். முன்னால் டாஷ்போர்டில் பேட்டரியின் சிவப்பு விளக்கு எரிந்தது. எழுந்தார். அணைந்தது.

சீட்டைக் கழற்றினார். அடியில் பேட்டரி.

"இதாம்மா விஷயம். பின்னாடி ஆள் உட்கார்ந்தா ஒயர் நசுங்கி சார்ஜ் நின்னுடுது. இறங்கினா சரியாயிடுது."

"பின்னாடி யாரும் உட்கார்றதில்லையே!"

காரோடு இணைத்திருந்த லேப்டாப்பைப் பார்த்த மெக்கானிக்கின் முகம் மாறியது.

"என்னண்ணே?"

"லைட் எரிஞ்ச நேரமெல்லாம் இதுல பதிவாயிருக்கு..." என்று இழுத்தார்.

அவளே எட்டிப் பார்த்தாள். முந்தாநாள் மட்டும் பதினோரு முறை. அத்தனையும் ஆபீஸ் நேரம்.

போனில் கணவனை அழைத்தாள்.

"பின்சீட்டுல யாரைக் கூட்டிட்டுப் போறீங்க? மறைக்காம சொல்லுங்க, யார் அவ?"

மறுமுனையில் அவர் கட்டிலில் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது.

"யாருன்னு சொல்றது? வர்றவங்களை ஏத்துவேன், சொல்ற இடத்துல இறக்குவேன். வேலை போய் ரெண்டு மாசமாச்சு. உன்கிட்ட சொல்லத்தான் பயமா இருந்துச்சு."