யாருக்கும் கேட்காத குரல்

ஒரு வீட்டில் ஒரு கறுப்பு போனும் ஒரு சிவப்பு போனும் இருந்தன. கறுப்பு கணவனுடையது, சிவப்பு மனைவியுடையது. மனிதக் காதுக்கு எட்டாத கீச்சுக் குரலில் செய்திகளைப் பரிமாறிக்கொள்வது அவற்றின் வழக்கம்.

ஒரு நாள் காலையில் கறுப்பு போன் சொன்னது: "பத்து மணிக்கு மிளகுக்கு ஊசி. அதுக்குத் தெரியக் கூடாதாம்."

"நம்ம பேச்சு யார் காதுல விழப்போகுது?" என்றது சிவப்பு போன்.

மிளகு அந்த வீட்டு நாய். மேஜைக்கு அடியில்தான் படுத்திருந்தது. ஊசி என்று கேட்டதும் எழுந்துபோய் பீரோவுக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டது.

பத்து மணிக்குக் கணவனும் மனைவியும் வீடு முழுக்கத் தேடினார்கள். நாயைக் காணவில்லை.

"நீதான் உளறியிருக்கே," என்றது கறுப்பு போன்.

"நானா? ஊருக்கே தம்பட்டம் அடிக்கிறவன் நீ!"

"உங்க எஜமானியம்மா வண்டவாளத்தைச் சொல்லட்டுமா? தலைவலின்னு லீவு போட்டுட்டு அன்னிக்கு எங்கே போனாங்க?"

"சொல்லித்தான் பாரேன்! உங்க ஐயா டயட்டுன்னு சொல்லிட்டு எங்கே பரோட்டா தின்னாருன்னு நானும் சொல்றேன்."

பீரோவுக்குப் பின்னால் இருந்த மிளகுக்குப் பாதிதான் கேட்டது. மீதியைக் கேட்காமல் அதற்கு இருப்புக்கொள்ளவில்லை. மெல்ல வெளியே வந்து, மேஜையருகே உட்கார்ந்து, காதைத் தூக்கியது. உடனே அதன் கழுத்துப்பட்டையில் கணவனின் கை விழுந்தது.

வாசற்படியில் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு மிளகு திரும்பிக் கத்தியது: "ஊசிதானே, போட்டுட்டு வந்திடறேன். அதுக்குள்ள தலைவலி விஷயத்தைச் சொல்லி முடிச்சிடாதீங்க!"