ஃபார்மட்டுக்கு முன்னால்

அறையில் மூன்று பேர் இருந்தார்கள். கம்ப்யூட்டர் மெக்கானிக் அலாவுதீன் தரையில் சம்மணமிட்டிருந்தார். தயாபரன் கட்டில் விளிம்பில். அவன் மனைவி அரசி திரைக்கு நேராக நாற்காலியில். தயாபரன் கல்யாணத்துக்கு முன் வைத்திருந்த கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கை, கூடுதல் இடத்துக்காகப் புதியதில் மாட்டியாகிவிட்டது.

"உள்ள ஒண்ணுமில்ல பாய். பாக்காம ஃபார்மட் அடிச்சிடுங்க" என்று தயாபரன் மூன்றாவது முறையாகச் சொன்னான்.

"ஒண்ணுமில்லாததுக்கு ஏங்க இவ்ளோ அவசரம்?" என்றபடி அரசி அதைத் திறந்தாள்.

ஒரே ஒரு கடிதம்தான் இருந்தது. 'பெண்ணுக்குச் சின்ன வயதிலிருந்து வலிப்பு உண்டு. விசாரித்துக்கொள்ளவும்.' அவளுக்கு முதலில் நிச்சயித்த மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த மொட்டைக் கடிதம், வார்த்தை மாறாமல். வலிப்பு விஷயம் வீட்டுக்கு வெளியில் தோழி பிலோமினா ஒருத்திக்குத்தான் தெரியும். அவள்தான் எழுதியிருப்பாள் என்று பதினொரு வருடமாக அரசி அவளோடு பேசுவதில்லை.

"அழிச்சிடவாம்மா?"

"இருக்கட்டும் பாய். இடம் நெறைய இருக்கு."

ஒரு தாள் எடுத்து அரசி ஒரே வரி எழுதினாள்: 'பிலோ, என் கணவரை உனக்கு என் கல்யாணத்துக்கு முன்பே தெரியுமா?' உறையிலிட்டு ஒட்டி, அனுப்புநர் இடத்தில் தன் முழுப்பெயரையும் எழுதினாள்.

"போற வழியில தபால் பெட்டியில போட்டுடுங்க பாய்."

முகவரியைப் பார்த்துவிட்ட தயாபரன், "நானே போட்டுடறேனே" என்று கையை நீட்டினான். உறை அதற்குள் பாயின் சட்டைப்பைக்குப் போயிருந்தது.