ஒரு சொட்டும் ஒரு பானையும்

மார்புப் பக்கம் ஒரு சொட்டு டீ கொட்டிய நாளிலிருந்து வெள்ளைச் சட்டைக்கு அலமாரியில் இடமில்லை. சோப்பு, எலுமிச்சை, வெயில் எல்லாம் பார்த்தாயிற்று. "இனி இது தரை துடைக்கத்தான்" என்று சொல்லிவிட்டாள் வீட்டுக்காரி மங்களேஸ்வரி.

ஆனால் ஒருநாள் காலையில் அவள் வெங்காயத் தோலையும் டீத்தூள் சக்கையையும் துணியில் முடிந்து, பெரிய பானையில் போட்டுக் கொதிக்கவைத்தாள். சட்டையையும் அதில் முக்கினாள். அது மிதக்காமலிருக்க மேலே அம்மிக்குழவியை வைத்தாள்.

சட்டைக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"சக்கையே, அன்னைக்கு என்மேல விழுந்தது நீதானே?"

"நானேதான்."

"ஒரு சொட்டுக்கே என்னை ஒதுக்கி வச்சாங்க. இப்ப பானை நிறைய உன்னைக் கொதிக்கவச்சு என்னை முக்குறாங்களே, ஏன்?"

"எனக்கும் புரியல. தினமும் என்னை வடிகட்டிக் குப்பையிலதான் கொட்டுவாங்க. இந்த வாரம் என்னவோ பத்திரமா சேர்த்துவச்சாங்க."

மறுநாள், நிழலில் உலர்ந்த சட்டையை மங்களேஸ்வரி எடுத்து விரித்தாள். நல்ல பழுப்பு நிறம். "கடையில தேடினாலும் இப்படிக் கிடைக்காது" என்றாள். சட்டை தன் மார்பில் பழைய கறையைத் தேடியது. காணவில்லை. அப்பாடா என்றிருந்தது.

அவள் முதுகுப் பக்கம் திருப்பினாள். குழவி அழுத்திய இடத்தில் சாயம் ஏறாமல், கட்டைவிரல் அகலத்துக்கு வெள்ளை அப்படியே இருந்தது. அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

"அடடா, இங்க ஒரு கறை விழுந்திருக்கே" என்றாள்.