கைருன்னிசா கொடுத்த புகார்

“வெளிநாட்டுப் பொண்ணு ஒண்ணு பதியாம இந்த வீட்டுல இருக்குதுன்னு புகார் வந்திருக்கு,” என்றார் ஏட்டு ஜெயச்சந்திரன், வாசலில் நின்றபடியே.

முஹ்சினுக்கு முகம் வெளுத்துவிட்டது. விருதுநகரில் பட்டாசு மொத்த வியாபாரம் செய்கிறவன் அவன். மனைவி ருமானா மலேசியாவில், கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி இங்கே வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

“விசா இருக்கு சார். அஞ்சு வருஷ விசா.”

“விசா இருந்தா போதாது. இங்கயே தங்குறவங்க எஸ்.பி. ஆபீஸ்ல பதிஞ்சு நம்பர் வாங்கணும். வந்த ரெண்டு வாரத்துல வாங்கியிருக்கணும். நாளைக்கே ரெண்டு பேரும் சூலக்கரையில இருக்கிற அந்த ஆபீஸுக்கு வந்துருங்க. வரலேன்னா கேஸாயிரும்.”

“எவன் சார் சொன்னது? பக்கத்துக் கடைக்காரனா?”

ஏட்டின் பார்வை வீட்டுக்குள்ளே போனது. உள்ளே கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த முஹ்சினின் அம்மா கைருன்னிசாதான் பேசினாள்.

“யாரையும் வையாதலே. நான்தான் போய்ச் சொன்னேன்.”

“நீங்களாம்மா?”

“சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல. நாளைக்கு வேற எவனாவது சொல்லி வம்பாச்சுன்னா, நான் ஏன் சேர்ந்து மாட்டணும்?”

சொல்லிவிட்டு அடுத்த கத்தரிக்காயை எடுத்தாள்.

ருமானா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வந்த நாளிலிருந்தே மாமியிடம் அவள் நல்ல பேர் வாங்கியதில்லை. பேச்சு சரியில்லை, சமையலில் தேங்காய்ப்பால் அதிகம், நடக்கிறது மெதுவு. போன வாரம்கூடக் கிள்ளானிலிருந்து போன் வந்தது. அத்தாவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது, மகளைப் பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்றாள் தங்கை. ருமானா போனை வைத்துவிட்டு அழுதபோது, “அழுதாத் தீந்துருமா? போயி உலையப் பாரு,” என்றாள் மாமி.

முஹ்சின் கெட்டவன் இல்லை. ஆனால் ஊருக்குப் போய் வரவேண்டும் என்று அவள் கேட்டபோதெல்லாம் ஒரே பதில்தான்.

“பதியாமப் போனா ஏர்போர்ட்டுல நிப்பாட்டிருவாங்க. சீசன் முடியட்டும், பதிஞ்சிரலாம்.”

தீபாவளி சீசன் முடிந்தால் கல்யாண ஆர்டர், அது முடிந்தால் திருவிழா ஆர்டர். இப்போது மறுபடியும் தீபாவளி நெருங்கிவிட்டது.

பக்கத்து வீட்டு நசிமா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னாள்: “மருமகள வீட்ட விட்டுத் துரத்துனவுகளப் பாத்திருக்கேன். நாட்ட விட்டே துரத்தப் பாக்குறவுகள இப்பத்தான் பாக்குறேன்.”

ருமானாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. கைதியைப் போல விமானத்தில் ஏற்றிவிடுவார்களோ என்று பயந்தாள்.

மறுநாள் முஹ்சின் கடையைப் பூட்டினான். தாயில்பட்டியிலிருந்து வந்த பட்டாசு லோடு இறக்க ஆளில்லாமல் நின்றது. போன் மேல் போன். “வரேன்டா, வரேன்,” என்று சொல்லிக்கொண்டே ருமானாவோடு சூலக்கரையில் வரிசையில் நின்றான்.

அங்கே இருந்த அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டினார். “இவ்வளவு நாளா ஏன் வரல?”

“வியாபாரம் சார். நேரமில்ல.”

“பஸ் ஏறினா கொஞ்ச நேரத்துல வந்துரலாமே. இதுக்கு நேரமில்லையா?”



ஜமாத் கல்யாணப் பதிவு, வீட்டு வரி ரசீது, போட்டோ என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். அலைந்து கொண்டுவந்து கொடுத்தான். தாமதத்துக்கு அபராதமும் கட்டினான். அந்த வாரம் முழுக்க ருமானா மாமியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மாமியும் அதைக் கண்டுகொள்ளவில்லை. வேளாவேளைக்குச் சாப்பாட்டை எடுத்து வைத்து மூடிவிட்டுப் போய்விடுவாள்.

வெள்ளிக்கிழமை பதிவு எண் கிடைத்தது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கைருன்னிசா எதிரே வந்து நின்றாள்.

“நம்பர் குடுத்துட்டாகளா?”

ருமானா அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். “குடுத்துட்டாங்க. உங்களுக்கு இனிமே வம்பு வராது, மாமி.”

“அத விடு. இனி ஏர்போர்ட்டுல ஒன்னைய நிப்பாட்டுவாகளா?”

ருமானா நிமிர்ந்தாள். “இல்ல. விசா இருக்கிற வரைக்கும் போயிட்டு வரலாம்னு சொன்னாங்க.”

கைருன்னிசா மகனிடம் திரும்பினாள். “ஏலே, நாளைக்கே இவளுக்கு டிக்கெட் போடு. அவுக அத்தாவப் போய்ப் பாத்துட்டு வரட்டும். எம்புட்டு நாள் இருக்கணுமோ இருந்துட்டு வரட்டும்.”



“இதுக்காகவா அம்மா போலீஸ் வரைக்கும் போனீக?” என்றான் முஹ்சின். “எங்கிட்டச் சொல்லியிருந்தா நானே செஞ்சிருப்பேன்ல?”

“ஒங்கிட்டச் சொல்லாமயா? இவ இல்லாதப்ப எத்தன தடவ சொன்னேன், ‘பாப்போம்மா’ன்ன. இவ அழுது கேட்டா, ‘சீசன் முடியட்டும்’ன்ன. வீட்டுப் பொம்பளைக சொன்னா ஒனக்குக் காது கேக்கல. காக்கிச்சட்ட சொன்னதும் மறுநாளே கடையப் பூட்டிட்டுப் போனேல்ல?”