பதினேழாம் நம்பரின் புகார்

"பதினேழாம் நம்பர் மறுபடியும் புகார் கொடுத்திருக்கான்."

கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கணவன் சொன்னதும், துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை. அவள் வைத்துவிட்டுப் போன காபி தொடப்படாமலே ஆறிக் கிடந்தது.

ஒரு மாதமாக அவனைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது அந்தக் கால்பந்து விளையாட்டு. அதில் பந்தை உதைக்க வேண்டியதில்லை. அணியின் மேலாளராக உட்கார்ந்துகொண்டு, யாருக்கு எவ்வளவு பயிற்சி, யாரைக் களத்தில் இறக்குவது, யார் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நாட்டிலுள்ள கிளப்புகளும் ஆட்டக்காரர்களும் அப்படியே அதில் இருந்தார்கள். எடுத்த எடுப்பிலேயே அவன் உள்ளூர் கிளப்பைத் தேர்ந்தெடுத்திருந்தான்.

புகார் என்னவென்று கேட்டாள். பயிற்சி அதிகம், உடம்பு தாங்கவில்லை, குறைத்துக் கொடுங்கள் என்று எழுதியிருப்பதாகச் சொன்னான். எட்டிப் பார்த்தாள். மற்றவர்களுக்கெல்லாம் ஒரு வேளை பயிற்சி, பதினேழுக்கு மட்டும் இரண்டு வேளை. உடல்நிலையைக் காட்டும் பச்சைக் கோடு மஞ்சளாகி, ஆரஞ்சாகி, இப்போது சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"பாவம், முப்பத்திமூணு வயசு. கொஞ்சம் குறைச்சுக் கொடுத்தாதான் என்னங்க?"

"வயசானா இன்னும் கூடத்தான் உழைக்கணும். அந்த இடத்துக்கு இருபது வயசுப் பசங்க மூணு பேர் காத்திட்டிருக்காங்க. ஒரு வாரம் வெளியே உட்கார்ந்தா அப்புறம் யார் ஞாபகம் வச்சிருப்பாங்க?"

சொல்லிவிட்டுக் கோரிக்கையை நிராகரித்தான். அவர்களுடைய எட்டு வயது மகள் எப்போதுமே பதினேழின் கட்சி. அப்பாவோடு இன்று முழுக்கப் பேசப்போவதில்லை என்று அறிவித்துவிட்டு, படம் வரையப் பக்கத்து அறைக்குப் போய்விட்டாள்.

அதன் பிறகு அணியில் எதுவும் உருப்படவில்லை. பதினேழு முகம் சுருங்கிப் போனான். அவனுக்காகப் பரிந்துகொண்டு இரண்டு பேர் புகார் கொடுத்தார்கள். கோல்கீப்பர் எதற்கென்றே சொல்லாமல் கோபித்துக்கொண்டான். அடுத்த ஆட்டத்தில் மூன்று கோல் வாங்கித் தோற்றார்கள். அதற்கடுத்த ஆட்டத்தில், பட்டியலின் அடியில் கிடந்த அணியிடமும் தோற்றார்கள். இப்படியே போனால் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று கிளப் முதலாளியிடமிருந்து கடிதம் வந்தது. அதை அவன் வாசித்த தொனியைக் கேட்டு, மடித்த துணியெல்லாம் சரியும் அளவுக்கு அவள் சிரித்தாள்.

"சிரிக்காதே. நாற்பத்திரண்டு நர்ஸுங்களுக்கு டியூட்டி போடறவதானே நீ? நீயா இருந்தா என்ன பண்ணுவே?"

மருத்துவமனையில் மாதா மாதம் அவள் போடும் டியூட்டி பட்டியலுக்கு வராத புகார் இல்லை. ஆனால் அவள் சொன்னது புகாரே கொடுக்காத ஒரு மூத்த நர்ஸைப் பற்றி. யார் விடுப்பு கேட்டாலும் அந்த அம்மாள்தான் அவர்கள் வேலையையும் சேர்த்துப் பார்ப்பார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் எனக்கென்ன என்பார். ஒரு நாள் மருந்துத் தட்டோடு வார்டு நடுவில் மயங்கி விழுந்துவிட்டார். எழுந்து நடமாட இரண்டு மாதம் ஆயிற்று.

"வாயைத் திறந்து கேக்கறவங்களை எப்படியாவது சமாளிச்சுடுவேன். பல்லைக் கடிச்சுக்கிட்டு வேலை பார்க்கறவங்களை நினைச்சாதான் எனக்குப் பயம்."

அவன் சரிந்த துணிகளில் இரண்டை எடுத்துத் தானே மடித்துவைத்தான். பிறகு பதினேழைப் பேச்சுக்கு அழைத்து, ஒரு வாரம் முழு ஓய்வும், அதன் பிறகு பாதிப் பயிற்சியும் தருவதாக உறுதி கொடுத்தான். பதினேழு இல்லாமல் ஆடிய முதல் ஆட்டம் சமனில் முடிந்தது. அடுத்ததில் ஜெயித்தார்கள். முகங்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. கோல்கீப்பரும் எதற்கென்றே சொல்லாமல் சமாதானமானான்.

கோப்பைக்கான இறுதி ஆட்டத்தில், கடைசி அரை மணி நேரத்துக்குப் பதினேழை இறக்கினான். கோடு பச்சைப் பசேலென்று இருந்தது. மகள் சபதத்தை மறந்து ஓடி வந்து அப்பாவின் தோளில் தொங்கிக்கொண்டாள். ஒரு கோல் விழுந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் இன்னொன்று. இரண்டும் பதினேழு அடித்தவை. அப்பாவும் மகளும் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

சந்தோஷத்தில் எழுந்து குதிக்கப் போனவன், முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தான். மனைவி அதைப் பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை. விளையாட்டை மூடிவிட்டு, அவன் செல்போனை எடுத்து ஓர் எண்ணை அழுத்தினான். அந்தப் பக்கம் எடுத்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"கோச், நான் பதினேழாம் நம்பர் பேசறேன். மூணு வாரமா முழங்கால் வலி. உங்ககிட்ட மறைச்சுட்டேன். எனக்குக் கொஞ்சம் ஓய்வு வேணும்."

மறுமுனையில் கோச் சிரித்த சிரிப்பு மனைவிக்கும் கேட்டது. "நீயா வாயைத் திறக்கட்டும்னுதான்யா காத்திட்டிருந்தேன். நல்லா ஓய்வெடுத்துட்டு வா, உன் இடம் எங்கேயும் போயிடாது."