மரப்படியில் ஒரு நடை

திருகோணமலைத் துறைமுகத்தடித் தியேட்டரில் அந்தத் திகில் படம் ஓடிய ஒன்பது நாளும் மாகிரட் அக்கா பகல் காட்சிக்கு வந்தார்.

படத்தில் ஓர் இடம் உண்டு. பின்னணி இசை சட்டென்று நின்று, திரை இருண்டுபோகும். கொலைகாரன் மரப்படியில் ஏறி வருவான். முகம் தெரியாது. ஒரு காலை ஊன்றி மறுகாலை இழுத்து வைக்கும் சத்தம் மட்டும் கேட்கும். சனம் மூச்சு விடாது. மாகிரட் அக்கா மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு அழுவார்.

படம் ஓட்டும் சின்னராசா தன் அறைத் துவாரத்தால் இதைத் தினமும் பார்த்தான். பாவம், பயந்த மனிசி என்று நினைத்தான். கடைசி நாள் அந்த இடம் வந்ததும், சத்தத்தைக் கேட்காத அளவுக்குக் குறைத்துவிட்டான். சனம் கூக்காட்டியது. அவன் அசையவில்லை.

படப்பெட்டியை அடுத்த தியேட்டருக்கென்று மட்டக்களப்பு பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தபோது, அவர் வாசலில் நின்றார்.

"ஏன் தம்பி சத்தத்தைக் குறைச்சனீங்கள்?"

"நீங்கள் பயந்து அழுறியள் எண்டுதான், அக்கா."

"பயமோ? அது என்ர மகன்ர நடையெல்லோ! சின்னனில காய்ச்சல் வந்து கால் இழுத்துப்போச்சு. இஞ்ச நொண்டி எண்டு சிரிச்சவை. வேலை தேடி மெட்ராசுக்குப் போனவன். அங்க ஸ்டூடியோவில அவனை நடக்கவிட்டு, அந்தச் சத்தத்தைப் படத்தில சேர்த்தவையாம். காயிதம் போட்டவன். படம் இஞ்ச வர முந்தி கண்ணை மூடிட்டான்."

சின்னராசா பஸ் போன தெருவைப் பார்த்தான்.

"அவன்ர முகத்துக்கு வீட்டில போட்டோ இருக்கு, தம்பி. நடைக்கு இது ஒண்டுதான் இருந்தது."